கடன் தப்பில்ல, கள்ளக் கணக்குதான் தப்பு

கேள்வி: வீட்டுல வரவுக்கு மேல செலவு பண்ணினா திட்டுறோம், ஆனா அரசாங்கங்க வருஷா வருஷம் துண்டு விழுற பட்ஜெட்தான் போடுது. இத யாருமே கேக்க மாட்டாங்களா?

பதில்: கேப்பாங்க. கடன் குடுத்தவங்க. என்ன, லேட்டா கேப்பாங்க, கேக்க ஆரம்பிச்சா கழுத்துல துண்டப் போட்டு கேப்பாங்க.

ஆனா வீட்டையும் நாட்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்காதீங்க. நமக்கு ரிட்டயர்மெண்ட் உண்டு, நாட்டுக்கு இல்ல, வரி போடுற அதிகாரமும் நாட்டோட கையில இருக்கு. ஜப்பான் அரசாங்கத்தோட கடன் அந்த நாட்டு ஜிடிபி, அதாவது ஒரு வருஷத்து மொத்த உற்பத்தி மதிப்பு, மாதிரி ரெண்டு மடங்குக்கும் மேல, ஆனா அது சொந்த கரன்சியில, பெரும்பாலும் உள்நாட்டுலயே வாங்கினது, வண்டி ஓடுது. இலங்கையப் பாருங்க, 2019 கடைசில வாட் வரிய 15லேருந்து 8 சதவீதமா ஒரே போடா குறைச்சாங்க, கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, அந்த ஓட்டைய அடைக்க வழி பண்ணல, அடுத்த சில மாசத்துல கொரோனா வந்து டூரிஸ்ட் வருமானமும் போச்சு, டாலர் கடன் மட்டும் அப்படியே நிக்குது, 2022 ஏப்ரல் 12ம் தேதி வெளிநாட்டுக் கடன இப்போதைக்கு கட்ட முடியாதுன்னு அரசாங்கமே அறிவிச்சிருச்சு. டாலர் இல்லாம பெட்ரோலுக்கே தட்டுப்பாடு வந்தப்போ, வரியக் குறைச்சவங்களா க்யூல ராத்திரி பூரா நின்னாங்க?

கிரீஸ் இன்னும் மோசம். யூரோ நாடுகளுக்கு பட்ஜெட் பற்றாக்குறை ஜிடிபில 3 சதவீதத்த தாண்டக் கூடாதுன்னு விதி. கிரீஸ் பழைய ஆட்சி கணக்குல கம்மியா காட்டிட்டிருந்துச்சு. 2009ல ஆட்சி மாறி புது ஆளுங்க கணக்கத் தொறந்தா 12 சதவீதத்துக்கு மேல, கடைசியா சரிபாத்தப்போ 15ஐயும் தாண்டிருச்சு. கடன் குடுக்குறவன் கடனுக்குக் கூட பயப்பட மாட்டான், பொய்க்கு பயப்படுவான், வட்டிய ஏத்திருவான்.

அதனால பட்ஜெட் வந்தா நான் மொத தேடுறது வருவாய் பற்றாக்குறை, அதாவது அன்றாடச் செலவுக்கே வருமானம் பத்தாம விழுற துண்டு. பாலம் கட்ட வாங்கின கடனா, சம்பளமும் பழைய வட்டியும் குடுக்க வாங்கின கடனான்னு ஓரளவுக்கு அதுல தெரிஞ்சிரும். அரசு கம்பெனி தலையில கடன ஏத்திட்டு பட்ஜெட்ல கம்மியா காட்டுற வித்தையும் உண்டு, அது எல்லா ஊர் நிதி மந்திரிக்கும் தெரிஞ்ச வித்தைதான்!

கேள்வி: நோட்டு அடிச்சே கடன அடைச்சிட்டா என்ன சார்?

பதில்: ஜிம்பாப்வேல அடிச்சாங்களே. 2009ல வந்த ஒரு நோட்டுல 1க்குப் பின்னாடி 14 சைபர். அதே வருஷம் அந்த கரன்சியையே கைவிட்டு, அமெரிக்க டாலர்ல கொடுக்கல் வாங்கல் பண்ண ஆரம்பிச்சிட்டாங்க.