ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு: புது ராம் வாங்கும் முன்

கேள்வி: பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, முதல் முறையாக நானே வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தேன். ரைசன் 5 7600 பிராசசர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ராம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ். பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன்கள் சுற்றுகின்றன, மானிட்டரில் ஒன்றும் வருவதில்லை. மதர்போர்டில் ‘டிராம்’ என்று குறித்த இடத்தில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அணைக்கிறேன், மறுபடி போடுகிறேன், அதே கதைதான். ராம் போய்விட்டது, வேறு வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கேள்வியில் ராமைவிட அந்த ஒரு நிமிடம்தான் எனக்கு உறுத்துகிறது.

உங்கள் பி650 போன்ற ஏஎம்5 வகை மதர்போர்டு புதிய ராமோடு முதன்முதலாக எழும்போது, பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் எந்த மின்னழுத்தத்தில், எந்தக் கால இடைவெளியில் தரவு பிழையில்லாமல் வந்துபோகிறது என்று சோதித்துக் குறித்துக்கொள்கிறது. இதை மெமரி டிரெய்னிங் என்பார்கள். உங்களிடம் இருப்பது போன்ற 32 ஜிபிக்கே சில நிமிடங்கள் பிடிக்கலாம். அது முடியும்வரை திரை கருப்பாகத்தான் இருக்கும், டிராம் விளக்கும் எரியும். நடுவில் மெஷின் தானாக அணைந்து எழுந்தாலும் பதற வேண்டாம். பாதியில் நீங்கள் அணைத்தால் அடுத்த முறை எல்லாம் முதலிலிருந்து. ஆகவே பவரைப் போட்டுவிட்டு, முழுதாகப் பதினைந்து நிமிடம் பட்டன் பக்கமே போகாதீர்கள். பலருக்கு வேலை இத்துடன் முடிந்துவிடும்.

பதினைந்து நிமிடம் கழித்தும் அதே விளக்கு எரிந்தால்தான் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டும். அந்த விளக்குக்கு ‘ராம் செத்துவிட்டது’ என்று பொருள் இல்லை. மெமரியைச் சோதிக்கும் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை என்று மட்டுமே பொருள். காரணம் ராமாக இருக்கலாம், அதைச் செருகும் ஸ்லாட்டாக இருக்கலாம், பயாஸாக (மெஷினை எழுப்பும், மதர்போர்டிலேயே உள்ள மென்பொருள்) இருக்கலாம். மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள் இருப்பதால், பிராசசர் உட்காரும் சாக்கெட்டில் ஊசி போன்ற ஒரு பின் வளைந்திருந்தாலும் பழி ராமின் மேல்தான் விழும்.

எழாத புது மெஷினில் பாகத்தை மாற்றிப் பார்ப்பது கடைக்காரரின் வழி. அவரிடம் அலமாரி நிறையப் பாகங்கள் இருக்கின்றன. வீட்டில் இருப்பவர் பாகத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டுவிட்டுத் தொடங்குங்கள். கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, யுஎஸ்பியில் செருகியவை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். 7600 பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் உண்டு, அதனால் மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டிலேயே செருகலாம். (7500எஃப் வாங்கியவர்களுக்கு இந்த வசதி கிடையாது.) ராம் ஒன்று மட்டும் போதும். அதை ஏ2 ஸ்லாட்டில் போடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது. கையேட்டிலும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ராம் செருகுவதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். இப்போதைய பல போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டுமே கிளிப் இருக்கிறது. அந்த முனை ‘டக்’ என்று பூட்டிக்கொண்டதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். கிளிப் இல்லாத முனை அரை மில்லிமீட்டர் தூக்கியிருப்பது கண்ணுக்குப் படுவதில்லை. டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். ராமின் அடியில் உள்ள பொன்னிறக் கோடு ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் அது சரியாக உட்காரவில்லை. இரண்டு முனைகளிலும் கட்டைவிரலை வைத்து, போர்டு லேசாக வளைகிற அளவுக்கு அழுத்த வேண்டியிருக்கும். பயப்பட வேண்டாம்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கொடுங்கள், ஏனென்றால் ராம் மாறினால் டிரெய்னிங்கும் புதிதாக நடக்கும். முதல் ராமில் எழுந்து, அதே ஸ்லாட்டில் இரண்டாவதில் எழவில்லை என்றால் குற்றவாளி இரண்டாவது ராம். ஏ2-வில் இரண்டுமே எழுந்து, பி2 ஸ்லாட்டில் (இதையும் கையேட்டில் பாருங்கள்) மாற்றிப் போட்டால் இரண்டுமே எழவில்லை என்றால் ராமை விட்டுவிடுங்கள். கோளாறு போர்டிலோ சாக்கெட்டிலோ இருக்கிறது.

எங்குமே எதுவுமே எழவில்லையா? பிளக்கைப் பிடுங்கி, மதர்போர்டில் உள்ள காசு போன்ற பேட்டரியைப் பத்து நிமிடம் கழற்றி வைத்து மாட்டுங்கள்; பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். அதற்கும் மசியாவிட்டால் பயாஸையே புதுப்பிக்க வேண்டும். உங்கள் போர்டின் பின்புறம் ‘ஃபிளாஷ்பேக்’ பட்டன் இருந்தால் திரை இல்லாமலே இதைச் செய்யலாம்: தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான கோப்பை, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் போட்டு, கையேட்டில் சொன்ன பெயரைக் கொடுத்து, குறித்த யுஎஸ்பி துளையில் செருகிப் பட்டனை அழுத்த வேண்டும். ஃபிளாஷ்பேக்குக்கான விளக்கு மினுங்கி ஓயும்வரை மின்சாரம் போகக் கூடாது. யுபிஎஸ் இருந்தால் அதில் இணைத்துச் செய்யுங்கள்.

சாக்கெட்டைத் திறந்து பார்ப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூலரைக் கழற்றினால் தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். ஏஎம்5 சாக்கெட்டில் 1,718 பின்கள் இருக்கின்றன. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் வரிசை முழுவதும் ஒரே மாதிரி மின்னும். வளைந்த பின் மட்டும் வேறு விதமாக ஒளிரும். அப்படி ஒன்றைக் கண்டால் ஊசியால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள். படம் எடுத்துக்கொண்டு, அனுபவமுள்ள சர்வீஸ்காரரிடம் கொண்டுபோங்கள். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடைப்பது அரிது.

ராம்தான் பழுது என்று உறுதியானால், ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் ஜோடியாகவே திருப்பிக் கொடுங்கள். ‘ஒன்று மட்டும் மாற்றித் தருகிறேன்’ என்று கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரே பெட்டியில் வந்தவை ஒன்றாகச் சோதித்து அனுப்பப்பட்டவை. வேறு ஒன்றோடு சேர்த்தால் முழு வேகத்தில் ஒத்துப்போகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மெஷின் எழுந்த பிறகு, பயாஸில் எக்ஸ்போ அமைப்பை (ராமை அதில் அச்சிட்ட வேகத்தில் ஓட்டுவது) ஆன் செய்துவிட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓர் இரவு ஓடவிடுங்கள். 7600-க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் மெமரி வேகம் 5200 வரைதான். 6000 என்று அச்சிட்ட ராமில் எக்ஸ்போவோடு பிழை வந்து, எக்ஸ்போ இல்லாமல் வரவில்லை என்றால், வேகத்தை ஒரு படி குறைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.