வீட்டுக் கடன் சந்தை தடுமாறும்போது அரசு ஏன் தலையிட வேண்டும்?

வங்கியும் கடன் வாங்கியவரும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியதில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரே தெருவில் பத்து வீடுகள் ஒரே சமயத்தில் ஏலத்துக்கு வந்தால், தவணையை ஒழுங்காகக் கட்டிவரும் பக்கத்து வீட்டுக்காரரின் சொத்து மதிப்பும் சேர்ந்தே சரியும் என்பதால், இது இருவர் விவகாரமாக நிற்பதில்லை. அமெரிக்கா 1933-இல் அமைத்த வீட்டு உரிமையாளர் கடன் கழகம், தவணை தவறிய கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கி, சுமார் 10 லட்சம் கடன்களை நீண்ட தவணைக்கு மாற்றிக் கொடுத்தது. 1951-இல் சிறு இலாபத்துடனேயே மூடப்பட்டது. 2008 வீட்டுக் கடன் நெருக்கடியில், வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃபிரெடி மேக் நிறுவனங்களை அமெரிக்க அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்தபோதோ, நிறுவனங்களுக்குக் கிடைத்த வேகமான உதவி வீட்டை இழந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதைப் பெரும் அநீதியாகவே கருதுகிறேன். நம் நாட்டில் 2020-இல் ரிசர்வ் வங்கி அனுமதித்த ஆறு மாதத் தவணை ஒத்திவைப்பு மூச்சுவிட இடம் தந்தது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டேதான் இருந்தது.