பிரேக்கில் காசைக் கொட்டுவதற்கு முன்: கேள்விகளும் என் பதில்களும்

என்னிடம் இருப்பது 2016 போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இந்த ஒரு காரின் பிரேக்கில் செய்யக்கூடிய தப்பு எல்லாவற்றையும் காசு கொடுத்துச் செய்து முடித்துவிட்டேன், அதனால் சின்ன காரில் வேகமான இன்ஜின் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். பல கேள்விகள் ஒரே மாதிரி இருந்ததால் சேர்த்துப் பதில் சொல்கிறேன். புதியவர்களுக்கு: சக்கரத்தோடு சுழலும் தட்டு டிஸ்க், அதை இரு பக்கமும் உரசிப் பிடிப்பது பேட், பேடை அழுத்தும் பிடி காலிபர், அதற்குள் ஆயில் தள்ளுகிற உருளை பிஸ்டன்.

அண்ணா, என்னுடையது 2015 போலோ ஜிடி, ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றிப் பவர் கூட்டுவது) போட்டாச்சு. பிரேக் பத்தவில்லை. நாலு பிஸ்டன் காலிபர், பெரிய டிஸ்க் செட் போடச் சொல்கிறார்கள், லட்சத்தைத் தொடுகிறது. போடலாமா?

வேண்டாம் தம்பி, முதலில் ஒரு சோதனை. ஆள் இல்லாத நேரான ரோடு, பின்னால் வண்டி எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, 60 வேகத்தில் ஒரே மிதியாக மிதி. பெடல் காலுக்கடியில் டரடரவென்று உதறினால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதாவது சக்கரத்தைப் பூட்டும் பலம் உன் பிரேக்குக்கு ஏற்கெனவே இருக்கிறது, பிடிப்பு போதாதது டயருக்குத்தான். பத்து பிஸ்டன் போட்டாலும் அந்த முதல் மிதியில் வண்டி ஒரு அடிகூட முன்னதாக நிற்காது. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அப்படிப்பட்ட டயரை வைத்துக்கொண்டு காலிபர் விலை விசாரிப்பது, ஓட்டைக் குடத்துக்கு மூடி தேடுகிற கதை.

பெரிய செட்டுக்கு உண்மையான பயன் சூட்டைத் தாங்குவது. ரீமேப் போட்டதும் வளைவுக்கு வளைவு கூடுதல் வேகத்தில் போய்ச் சேர்கிறாய். 100இலிருந்து 120 என்றால் இருபது சதவீதம்தானே என்று தோன்றும், ஆனால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது. அந்தச் சூடு ஒருமுறை வந்து போனால் கம்பெனி டிஸ்க்கே தாங்கும். நிற்காமல் திரும்பத் திரும்ப வந்தால்தான் பிரச்சினை, அதற்கும் நல்ல பேடும் புது பிரேக் ஆயிலும் பெரும்பாலும் போதும்.

கொல்லிமலை இறங்கும்போது பாதி வழியில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. கீழே வந்து அரை மணி நேரம் நின்ற பிறகு சரியாகிவிட்டது. மெக்கானிக் ஒன்றுமில்லை என்கிறார். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கும் அதே மலையில், காரவள்ளிக்குச் சற்று மேலே, 70 கொண்டை ஊசியில் கடைசிப் பத்துக்குள் நடந்தது. மிதித்தேன், பெடல் மெத்தையில் இறங்குவதுபோல் இறங்கியது. இரண்டு மூன்று முறை பம்ப் அடித்த பிறகுதான் பிடித்தது. அன்றைக்குக் காரில் என்னோடு என் அம்மாவும் இருந்தார்.

கணக்கைப் பாருங்கள். ஆட்களோடு 1300 கிலோ வரும் காரை 1000 மீட்டர் உயரம் இறக்குவது, 100 வேகத்திலிருந்து 25 தடவை முழுசாக நிறுத்துவதற்குச் சமம். இன்ஜினும் காற்றும் வாங்கிக்கொண்டது போக மீதி எல்லாம் டிஸ்கில் சூடாகிறது, அங்கிருந்து பேட் வழியாகக் காலிபருக்குள் போய் ஆயிலைக் கொதிக்க வைக்கிறது. கொதித்தால் ஆவி. ஆவியை அமுக்கலாம், அதனால்தான் பெடல் உள்ளே போகிறது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், மெக்கானிக் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது.

அறிகுறியை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். பெடல் உள்ளே போனால் ஆயில் கொதித்திருக்கிறது அல்லது லைனில் காற்று இருக்கிறது. பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை, கருகல் நாற்றம் அடிக்கிறது என்றால் பேட் சூடு தாங்கவில்லை. முன்னதற்கு ஆயில் மாற்ற வேண்டும், பின்னதற்குப் பேட் மாற்ற வேண்டும். இது தெரியாமல் மாற்றி மாற்றிச் செலவு செய்கிறவர்கள்தான் அதிகம், நானும் அதில் ஒருவன். முதலில் பேட் வாங்கினேன், வீண்.

அப்புறம், எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடில் இரண்டாவது கியர். இதற்குக் காசு கிடையாது.

பிரேக் ஆயிலில் டாட் 4 தரம் போதுமா, 5.1 ஊற்றலாமா? டாட் 5 இன்னும் நல்லதா?

டாட் 5 வேண்டவே வேண்டாம், அது சிலிகான், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. 4, 5.1 இரண்டும் கிளைகால் வகை. புதிதாக இருக்கும்போது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம், ஈரம் ஏறிய பிறகு அது 155. 5.1க்கு 260, 180. ஆயில் என்று சொல்கிறோமே தவிர அதில் எண்ணெய் கிடையாது, காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிற சரக்கு அது. புது டாட் 4, மூன்று வருடப் பழைய 5.1ஐ விட மேல். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும், ஒரு லிட்டர் வாங்கினால் நாலு சக்கரமும் முடிந்துவிடும், ஒரு டேங்க் பெட்ரோலை விட மலிவு. மாற்றும்போது மேலே டப்பா காலியாகிவிடாமல் ஊற்றிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால் ஸ்கேனர் போட்டுத்தான் ஏர் எடுக்க வேண்டி வரும்.

எந்த பேட் நல்லது? ஆன்லைனில் ரேஸ் பேட் ஒன்று ஆஃபரில் இருக்கிறது.

ரேஸ் பேட் சூடானால்தான் கடிக்கும். காலையில் வீட்டை விட்டு வெளியே வந்ததும் முதல் சிக்னலில் ஸ்கூல் பஸ் நிற்கும், அங்கே உங்கள் பேட் தூங்கிக்கொண்டிருக்கும். வேண்டாம்.

பல பேடுகளின் முதுகிலோ ஓரத்திலோ அச்சடித்த வரிசையின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பது, இரண்டாவது நல்ல சூட்டில். ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55. மலை ஏறி இறங்குகிற, வாரக் கடைசியில் கொஞ்சம் விரட்டுகிற ஆளுக்கு எஃப்எஃப் என்று போட்ட தெருப் பேட் சரியாக இருக்கும். சூட்டில் எழுத்து கீழே இறங்குகிற பேடை விட்டுவிடுங்கள். ஆனால் எழுத்து மட்டும் எல்லாம் சொல்லாது. தூசி, சத்தம், டிஸ்கை எவ்வளவு தின்னும் என்பதெல்லாம் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

என் கார் பலேனோ ஆர்எஸ். 80க்கு மேல் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஆடுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, இரண்டும் புதிது போடணும் என்கிறார்கள்.

டிஸ்க் அவ்வளவு சுலபமாக வளையாது சார். நன்றாகச் சூடேறிய பிறகு சிக்னலில் பெடலை அழுத்தியபடியே நின்றிருப்பீர்கள், பேடின் சரக்கு அந்த இடத்தில் மட்டும் டிஸ்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள், பேட் வடிவத்திலேயே ஒரு நிழல் தெரிந்தால் அதுதான். இன்னொரு காரணம், டிஸ்குக்கும் அது உட்காரும் ஹப்புக்கும் நடுவில் துரு. என் காரில் ஒரு கடையில் புது டிஸ்க் மாட்டினார்கள், ஹப்பைத் துடைக்கவே இல்லை, ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி ஆட்டம். வேறு இடத்தில் கழற்றி, வயர் பிரஷ்ஷால் ஹப்பைத் தேய்த்து அதே டிஸ்கை மாட்டியதும் நின்றது. எனவே முதலில் ஹப்பைச் சுத்தம் செய்யுங்கள். பிறகும் ஆடினால் லேத்தில் கொடுத்து லேசாகச் சீவலாம், டிஸ்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அதற்குக் கீழே போகக் கூடாது.

பேடின் சரக்கு டிஸ்கில் சமமாகப் படிய, புது பேட் போட்டதும் 60இலிருந்து 20 வரை எட்டுப் பத்து தடவை மிதமாகப் பிடியுங்கள், முழுசாக நிறுத்தாமல். பிறகு பிரேக்கைத் தொடாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள்.

பின் சக்கரத்து டிரம் பிரேக்கை டிஸ்க் பிரேக்காக மாற்ற எவ்வளவு ஆகும்?

எவ்வளவு ஆனாலும் வீண். ஓங்கி மிதித்தால் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, பின்பக்கம் செய்யும் வேலை குறைவு. ஹேண்ட்பிரேக், முன்பின் விகிதம், ஏபிஎஸ் எல்லாவற்றையும் குழப்பி, கடைசியில் கிடைப்பது அலாய் வீல் இடுக்கில் தெரிகிற அழகு.

ஓட்டை போட்ட டிஸ்க்?

ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும். வெற்று டிஸ்க் போதும்.

என் ஐ20 என் லைனில் இடது முன் சக்கரத்தில் உள் பேட் முழுசாகத் தேய்ந்துவிட்டது, வெளிப் பேட் பாதிதான். எப்படி?

காலிபர் வழுக்கி நகர உதவும் கம்பி, அதாவது ஸ்லைடு பின், இறுகியிருக்கிறது, மேடம். மிதிக்கும்போது பிஸ்டன் உள் பேடை மட்டும் தள்ளுகிறது, வெளிப் பேட் சும்மா இருக்கிறது. இரண்டு ஸ்லைடு பின்னையும் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கிற சிலிகான் கிரீஸ் போட்டு, ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதி மறுபடி இறுகும். என்னைக் கேட்டால், பிரேக்கில் காசுக்கு அதிகப் பலன் தரும் வேலை இதுதான், ஆனால் யாரும் போட்டோ எடுத்துப் போடுவதில்லை.

ஸ்டீல் பின்னிய ஹோஸ் போட்டால் சீக்கிரம் நிற்குமா?

நிற்காது. பெடல் கொஞ்சம் இறுக்கமாக, சொன்னபடி கேட்பதுபோல் இருக்கும். ரப்பர் ஹோஸ் வெடிப்பு விட்டு எப்படியும் மாற்ற வேண்டிய நேரம் வந்தால் போடுங்கள், அதற்காகவே நல்ல ஹோஸைக் கழற்ற வேண்டாம்.

ஆர்டிஓ, இன்ஷூரன்ஸ் தொல்லை வருமா?

அதே அளவு பேட், டிஸ்க், ஆயில் என்றால் அது பராமரிப்பு. காலிபர், டிஸ்க் அளவையே மாற்றினால் வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு நினைவிருக்கட்டும். விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

செட்டிப்பாளையம் கரி ரேஸ் டிராக்கில் முதல் தடவை ஓட்டப் போகிறேன். என்ன செய்ய?

முந்தின வாரம் ஆயில் மாற்று, பேட் பாதிக்கு மேல் இருக்கட்டும். நாலு சுற்று விரட்டினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிடு. உள்ளே வந்து நிறுத்தியதும் பழக்கத்தில் ஹேண்ட்பிரேக் இழுக்காதே, சூட்டில் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வை. என் டிக்கியில் ஒன்று எப்போதும் கிடக்கும், கேட்டால் தருகிறேன்.