அத்தை எடுத்து வைக்கும் தட்டு

கேள்வி: ஒரு பெண்கள் பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து, சமையல் இணைப்பைப் பல வருடம் கவனித்து, இப்போது பொறுப்பாசிரியராக இருக்கிறேன். டி.வி. சமையல் போட்டி ஒன்றுக்கு நடுவராக வரச் சொல்லிக் கேட்கிறார்கள். மற்ற இருவரும் ஹோட்டல் செஃப்கள். கேட்டரிங் படிக்காத நான் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் எடுபடுமா? பத்திரிகையை விட்டுவிட வேண்டியிருக்குமா? வீட்டில் பிரச்சினை இல்லை. சமையல் என் அத்தை (மாமியார்) பொறுப்பு. நான் வீடு திரும்ப இரவு பத்தாகும். ஆபீசில் ரெசிப்பி டெஸ்ட் செய்ததிலேயே வயிறு நிறைந்துவிடும் என்பதால், அவர் எனக்கென்று எடுத்து வைப்பது பெரும்பாலும் காலையில் வேலைக்கு வரும் அம்மாவுக்குப் போய்விடும். கணவர் முழு ஆதரவு.
- வாசகி, சென்னை

பதில்: தகுதி பற்றிய பயத்தை முதலில் முடித்துவிடுவோம். 2009இல் ‘மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா’ என்ற டி.வி. சமையல் போட்டி தொடங்கியபோது நடுவர்களில் இருவர் ரெஸ்டாரன்ட் நடத்திய செஃப்கள். மூன்றாவது ஆள் மேட் பிரெஸ்டன், பத்திரிகைகளில் உணவு பற்றி எழுதி வந்தவர். 2019 வரை மூவரும் சேர்ந்தே இருந்தார்கள். பத்திரிகையை விடுவதா என்பதற்கு நீனா கார்சியாவைப் பாருங்கள். அமெரிக்காவின் ‘எல்’ பத்திரிகையில் ஃபேஷன் டைரக்டராக இருந்தபோதே, 2004இல் ‘ப்ராஜெக்ட் ரன்வே’ என்ற டி.வி. ஃபேஷன் டிசைன் போட்டிக்கு நடுவரானார். பக்கத்தில் உட்கார்ந்தவர் மைக்கேல் கோர்ஸ் என்ற பெரிய டிசைனர். நீனா டிசைனரே இல்லை. 2008இல் ‘மேரி கிளேர்’ பத்திரிகைக்குப் போனார், 2017இல் ‘எல்’லுக்கே தலைமை ஆசிரியராகத் திரும்பினார். பத்திரிகை வேலையை விடாமலே நடுவராகவும் இருந்தார். உங்கள் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். போட்டிக்குப் பணம் தரும் மசாலா கம்பெனியே உங்கள் பத்திரிகைக்கும் விளம்பரம் தருகிறதா என்று பாருங்கள். தந்தால் அந்தப் பக்கங்களை வேறொருவர் கவனிக்கட்டும். சரி, அது அவ்வளவுதான்.

இனி, வீட்டில் பிரச்சினை இல்லை என்று நீங்கள் நடுவே எழுதிப்போட்ட விஷயத்துக்கு வருகிறேன். இதே மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லாவற்றிலும் வேலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். வீட்டைப் பற்றி ஒரு வரி இருக்கும்.

ஒரு வயதான பெண் தினமும் உங்களுக்கென்று தனியாகச் சோறும் குழம்பும் எடுத்து மூடி வைக்கிறார். காலையில் அது தொடாமல் கிடப்பதைப் பார்க்கிறார். அப்படியும் மறுநாள் வைக்கிறார். நீங்கள் ‘பெரும்பாலும்’ என்று எழுதியிருக்கிறீர்கள் சகோதரி! அப்படியானால் இது பழக்கமாகிவிட்டது. எனக்கு வேண்டாம், வைக்காதீர்கள் என்று சொல்லக்கூட உங்களுக்கு நேரம் இல்லை. ஊரார் சமைத்ததற்கு உப்பு போதுமா, புளி தூக்கலா என்று கேமரா முன்னால் தீர்ப்புச் சொல்லப் போகிற நாக்கு, சொந்த வீட்டுக் குழம்பை அறியாது. இதை உங்கள் கணவர் ஒரு நாளும் பேச்சில் எடுக்கவில்லையா? தன் அம்மா சமைத்தது தினம் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பதை நான் ஆதரவு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அவரும் இதைப் படிக்கட்டும்.

மேரி பெர்ரி ‘கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’ என்ற டி.வி. பேக்கிங் போட்டிக்கு நடுவராக 2010இல் உட்கார்ந்தபோது அவருக்கு 75 வயது. இளம் வயதில் புதிதாக எலக்ட்ரிக் அவன் வாங்கியவர்களின் வீடுகளுக்குப் போய், அவர்கள் சமையலறையிலேயே கேக் செய்து காட்டியவர். 1966இல் ‘ஹவுஸ்வைஃப்’ பத்திரிகையில் சமையல் ஆசிரியர், 1970 முதல் ‘ஐடியல் ஹோம்’. வீட்டில் சமைக்கிறவளுக்கு எங்கே கை தடுமாறும் என்பதை இத்தனை வருடம் பார்த்தவர். செஃப்கள் பக்கத்தில் உங்களுக்கும் அதே அறிவுதான் பலம். அது ஆபீஸ் டெஸ்ட் கிச்சனில் மட்டும் வராது. அங்கே யாரும் மூட்டு வலியோடு நின்று அரைப்பதில்லை, மருமகள் என்ன சொல்வாளோ என்று காத்திருப்பதும் இல்லை. போட்டிக்கு வரும் பெண்களில் பலர் அப்படிக் காத்திருந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களிடம் என்ன பேசப் போகிறீர்கள்?

சமைத்தவருக்குச் சாப்பிட்டவர் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நன்றாக இருக்கிறது என்றாலும் சரி, காரம் ஏறிவிட்டது என்றாலும் சரி. சம்பளம் கொண்டுவருவதால் இந்தக் கடமை குறையாது. மருமகளுக்கு மட்டும் உரியதும் இல்லை, உங்கள் கணவருக்கும் உண்டு.

தயாரிப்பாளருக்கு உடனே பதில் சொல்ல வேண்டாம், ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். அந்த மாதத்தில் வாரத்துக்கு நாலு நாளாவது எட்டு மணிக்குள் வீட்டில் இருங்கள், ஆபீசில் ஒரு ஸ்பூனுக்கு மேல் சாப்பிடாதீர்கள். அத்தையோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அது முடிகிறதென்றால் மாதத்தில் எத்தனை நாள் படப்பிடிப்பு, இரவு எத்தனை மணி வரை என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். முடியவில்லையென்றால் இந்த சீசனை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.