ஹாலை அளந்துகொண்டு வாருங்கள்: டவர் ஸ்பீக்கர் கேள்வி பதில்

தரையில் நிற்கிற உயரமான டவர் ஸ்பீக்கர் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சிங்கப்பூர் வாசகர்களிடம் சொல்லியிருந்தேன். பாதிப் பேர் மாடல் பெயரை மட்டும் அனுப்பி "நல்லதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டளவும் கேட்கிற பாட்டும் தெரியாமல் நான் ஜோசியம்தான் சொல்ல முடியும். விவரத்தோடு வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன், கேட்டவர் பேட்டையின் பெயர் முன்னால். நான் எதையும் விற்பவன் இல்லை. வாங்கியது உண்டு, தேவைக்கு மேலேயே.

செங்காங்: அண்ணே, புது நாலறை வீடு. டிவி சுவருக்கும் சோபா சுவருக்கும் நடுவே 3.3 மீட்டர். பெரிய டவர் வாங்கினால் தியேட்டர் மாதிரி பேஸ் (அடி ஒலி) வரும் என்கிறான் நண்பன். வாங்கலாமா?

பேஸ் வரும் தம்பி, ஆனால் ஒரே ஸ்வரத்தில் வரும். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. எதிரெதிரே இரண்டு கெட்டிச் சுவர் இருந்தால், அந்த இடைவெளியைப் போல இரு மடங்கு நீளமுள்ள அலை நடுவில் மாட்டிக்கொண்டு அதிரும். 343ஐ 6.6ஆல் வகுத்துப் பாருங்கள், 52 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியில் நாலாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வருகிற ஸ்வரம் கிட்டத்தட்ட அதுதான். அந்த அலையின் அழுத்தம் உச்சத்தில் இருப்பது இரண்டு சுவர்களின் ஓரத்தில். நாம் என்ன செய்கிறோம்? ஸ்பீக்கரை ஒரு சுவரோடு ஒட்டி, சோபாவை எதிர்ச் சுவரோடு ஒட்டி, அந்தச் சுவரோரத்திலேயே தலையை வைத்துக்கொள்கிறோம். அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் ஹால் "ஊம்" என்று முனகும், பக்கத்து ஸ்வரங்கள் மெலிந்து போகும். பேஸைத் தருகிற பெரிய கூம்பான வூஃபர், அதுவும் எட்டங்குலத்தில் இரண்டு வைத்த டவர் அந்த முனகலை ஊதிப் பெரிதாக்கும், அவ்வளவுதான்.

முதலில் காசில்லாத வைத்தியம்: சோபாவை அரை மீட்டர் முன்னால் இழுங்கள். ஸ்பீக்கருக்குப் பின்னே முப்பது, நாற்பது சென்டிமீட்டர் விடுங்கள். பிறகு ஐந்து அல்லது ஆறரை அங்குல வூஃபர் வைத்த ஒல்லி டவராகத் தேடுங்கள். காற்று போகும் ஓட்டையை அடைக்கப் பெட்டியோடு பஞ்சு அடைப்பான் கொடுத்தால் இன்னும் நல்லது. "ஓட்டை முன்பக்கம் இருக்கிறது, சுவரோடு ஒட்டி வைக்கலாம்" என்று கடையில் சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஆறேழு மீட்டர் நீளமுள்ள பேஸ் அலைக்கு முன், பின் என்பதெல்லாம் கிடையாது. பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் போய்ச் சுவரில் மோதத்தான் செய்யும்.

தெம்பனிஸ்: நான் கச்சேரி மட்டும்தான் கேட்பேன். கடையில் ஜாஸ் போட்டுக் காட்டி அசத்துகிறார்கள். என் காதுக்கு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

அக்கா, அவர்கள் இசைத்தட்டை வாங்கி வைத்துவிட்டு உங்கள் பாட்டைப் போடச் சொல்லுங்கள். ஐந்து கட்டையில் பாடுகிறவரின் ஆதார ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ் அருகே. அதற்கு ஆழமான பேஸே தேவையில்லை. உங்களுக்கு முக்கியம் நடுப்பகுதி. மூன்று சோதனை சொல்கிறேன். தம்பூரா தனியாக ஒலிக்கும் முதல் சில விநாடிகளில், கம்பிக்கு மேலே மினுமினுக்கிற அந்த நுண்ஸ்வரங்கள் பிரிந்து கேட்கிறதா, இல்லை ஒரே ரீங்காரமா? மிருதங்கத் தொப்பியில் கும்கி வரும்போது அந்த வழுக்கல் தெரிகிறதா, வெறும் "டும்" மட்டும் விழுகிறதா? கடைசியாக நாதஸ்வரம், இருபது நிமிஷம். முதல் இரண்டு நிமிஷம் பிரகாசமாக இருந்த ட்வீட்டர் (உச்ச ஒலி தருகிற சின்னக் கூம்பு) இருபதாவது நிமிஷத்தில் காதைக் கூச வைத்தால் அந்த ஸ்பீக்கர் உங்களுக்கு வேண்டாம், எவ்வளவு விருது வாங்கியிருந்தாலும்.

இன்னொன்று. உங்களுக்கு டவர் அவசியமே இல்லாமலும் போகலாம். நல்ல ஸ்டாண்டில், அலமாரியில் அடங்குகிற அளவுச் சின்னதான ஒரு புக்‌ஷெல்ஃப் ஜோடி போதும். ஆனால் ஸ்டாண்டும் தரையில் டவர் அளவு இடம் பிடிக்கும், பேரப்பிள்ளை கை பட்டால் சாய்வதும் அதுதான் முதலில்.

ஜூரோங் வெஸ்ட்: என் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) 40 வாட். 90 டெசிபெல் ஸ்பீக்கருக்குத் தாங்குமா?

ஹாலுக்குத் தாராளம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் என்பதே அந்த 90. மூன்று டெசிபெல் கூடினால் பாதி வாட்டில் அதே சத்தம். ஆனால் ஸ்பீக்கரின் விவர அட்டையில் ஒரு சூட்சுமம் உண்டு. பலர் ஒரு வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட் என்று போடுவார்கள். எட்டு ஓம் (மின்தடையின் அளவு) ஸ்பீக்கரில் அது ஒரு வாட், நாலு ஓமில் இரண்டு வாட். ஆக நாலு ஓம் ஸ்பீக்கரின் 90 என்பது உண்மையில் 87தான், ஆம்புக்கும் கூடுதல் உழைப்பு. கிளிப்ஷ் கம்பெனியுடையது மாதிரி ஹார்ன் (ஊதுகுழல் வாய்) வைத்தவை 95க்கு மேலும் போடுவதுண்டு. தவில் அடி நெஞ்சில் விழும். ஆனால் டைல்ஸ் தரை, வெறும் கண்ணாடி ஜன்னல் என்றால் கரகரப்பும் கூடவே வரும், திரைச்சீலையும் தரைவிரிப்பும் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிடோக்: பழைய பொருள் விற்கிற கேரஸல் தளத்தில் இருபத்தைந்து வருஷத்து டவர் மலிவாகக் கிடைக்கிறது.

முன் வலையைக் கழற்றிப் படம் கேளுங்கள். வூஃபரைச் சுற்றிய வளையம் ஃபோமா, ரப்பரா? நம் ஊர்ப் புழுக்கத்தில் பழைய ஃபோம் பிஸ்கட் போல உதிரும். மாற்றலாம், அந்தச் செலவையும் பேரத்தில் கழியுங்கள். ரப்பர் என்றால் பயம் குறைவு. கூடவே ஜப்பானிய ஆம்பும் தந்தால் பின்னால் 100 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். நேராக நம் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் புகைதான்.

பொங்கோல்: கேபிளுக்கு 500 வெள்ளி சொல்கிறார்கள்.

வேண்டாம். மூன்று மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். மிச்சத்தில் பிரியாணி.

ஆங் மோ கியோ: எங்கே போய்க் கேட்டுப் பார்ப்பது?

கோல்மன் ஸ்ட்ரீட்டில் அடெல்ஃபி. சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம், ஒரே கட்டடத்தில் பல ஸ்பீக்கர் கடை. வார நாளில் போங்கள், சனிக்கிழமை பக்கத்து அறை பேஸும் சேர்ந்து கேட்கும். இரண்டு ஜோடியை ஒப்பிடும்போது சத்தம் ஒரே அளவில் இருக்கட்டும். கொஞ்சம் சத்தம் கூடியதுதான் காதுக்கு எப்போதும் நல்லதாகப் படும். இது தெரிந்தே நான் ஒருமுறை ஏமாந்தேன். ஆகக் கடைசியாக, வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்கத் தருவீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் நஷ்டமில்லை.

யீஷூன்: இடது ஸ்பீக்கர் பாம் ஷெல்டர் (வீட்டுக்குள் இருக்கிற பாதுகாப்பு அறை) சுவர் மூலையில், வலது சாப்பாட்டு மேசைப் பக்கம் திறந்த இடத்தில். பேஸ் எல்லாம் இடது பக்கமே சாய்கிறது. மேசையை நகர்த்த வீட்டுக்காரி சம்மதிக்கவில்லை.

பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான். மூலையில் நிற்கும் ஸ்பீக்கருக்கு இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பேஸை ஊட்டுகின்றன, மற்றதற்கு அந்த ஊட்டம் இல்லை. பேலன்ஸ் குமிழைத் திருப்பினால் பாடகரும் சேர்ந்து வலப்பக்கம் நகர்ந்துவிடுவார், அதைத் தொடாதீர்கள். ஷெல்டர் சுவரை இடிக்கும் நினைப்பும் வேண்டாம், அனுமதியே கிடையாது. இடது ஸ்பீக்கரை மூலையிலிருந்து முடிந்த அளவு வெளியே கொண்டுவாருங்கள். அப்படியும் சாய்ந்தால் அதன் ஓட்டையை மட்டும் ஒரு ஜோடி சாக்ஸைச் சுருட்டி அடையுங்கள். கேலி இல்லை, அடைப்பான் செய்கிற அதே வேலையைத்தான் அதுவும் செய்யும். துவைத்த சாக்ஸாக இருக்கட்டும், வீட்டுக்காரி ஏற்கனவே கோபத்தில் இருக்கிறார்.