வெள்ளிக்கிழமைச் சமையல் வெள்ளியோடு நிற்பதேன்? – கேள்வி பதில்

நாற்பது தாண்டியவர்கள் கிழமைக்கு எத்தனை வகைத் தாவரம் சாப்பிடுகிறீர்கள், 30 வருகிறதா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. நான் ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை, டாக்டர் இல்லை. குளிசைக் கேள்விகளைக் கிளினிக்கில் கேளுங்கள்.

உவர்மலை: கிழமைக்கு 30 வகை என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

2018இல் வெளிவந்த 'அமெரிக்கன் கட் புரொஜெக்ட்' என்ற குடல் நுண்ணுயிர் ஆய்விலிருந்து. பல நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரின் மல மாதிரிகளைப் பார்த்தார்கள். 30க்கு மேல் சாப்பிட்டவர்களின் குடலில், 10 அல்லது அதற்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட நுண்ணுயிர் வகைகள் அதிகம் இருந்தன. அவ்வளவுதான். 29இல் நின்றால் தோல்வி என்று யாரும் சொல்லவில்லை, 30 சாப்பிட்டால் வருத்தம் வராது என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாரும் வெவ்வேறு நுண்ணுயிருக்குச் சாப்பாடு, அதனால்தான் வகை வேண்டும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் கெட்ட கொலஸ்ட்ரோல் ஏறுவது வழக்கம். பயறு, கடலை, வெண்டிக்காயில் உள்ள கரையும் நார் அதைக் கொஞ்சம் இறக்கும்.

நிலாவெளி: ரீச்சர், எங்கள் வீட்டில் மீன் இல்லாமல் சோறு இறங்காது. 30க்கு எங்கே போக?

வெள்ளிக்கிழமை என்ன சமைப்பீர்கள்? எங்கள் வீட்டில் பயற்றங்காய்ப் பால்கறி, கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிக்காய், பருப்பு, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பாகற்காய்ப் பொரியல். சோறு, தேங்காய், வெங்காயம், தேசிக்காய், அப்பளத்து உளுந்து சேர்த்தால் 12. சனிக்கிழமை மீன் வந்ததும் எல்லாம் போய்விடும், சோறும் குழம்பும் சொதியும்தான். மீனை நிறுத்தச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு வறை வையுங்கள், சொதிக்குள் ஒரு பிடி முருங்கையிலை போடுங்கள், காலையில் பாணுக்குப் பதில் அவித்த கௌப்பி. தம்பலகாமத்துச் சிவப்பரிசி கிடைத்தால் தவிடு தீட்டாமல் வாங்குங்கள். ரோட்டோரம் பாலைப்பழம் வரும் காலத்தில் அதையும் எண்ணலாம், விளாம்பழத்தையும். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு ஊதும், இரண்டு மூன்று கிழமையில் மெல்ல ஏற்றுங்கள்.

சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் இதில் எதையும் தாமாகக் கூட்ட வேண்டாம். பொட்டாசியம் ஏறிவிடும்.

கிண்ணியா: கறித்தூளிலேயே செத்தல், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை என்று எட்டு வந்துவிடுகிறதே? மிச்சம் 22தானே?

கெட்டிக்காரத் தம்பி. ஒரு தேக்கரண்டித் தூளில் எவ்வளவு நார் இருக்கும்? ஒவ்வொன்றையும் கால் வகையாகத்தான் எண்ணுகிறேன். எட்டுக் கால், இரண்டு.

மூதூர்: சீனி வருத்தத்துக்கு எந்தக் கீரை நல்லது?

எல்லாக் கீரையும் நல்லதுதான். குறிஞ்சா மட்டும் கவனம், குளிசையோடு சேர்ந்தால் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கலாம். கிளினிக்கில் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

சம்பூர்: சீனிக்கு எந்தக் கீரை?

மேலே பாருங்கள்.

மடத்தடி: வெந்தயத்துக்குக் கால் என்பது அநியாயம். நான் தினமும் ஊறவைத்துச் சாப்பிடுகிறேன்.

சரி, அப்படியானால் அது முழு ஒன்று. கறிவேப்பிலைச் சம்பலும் ஒன்று. தூளாகப் போட்டால் கால்தான்.

உப்புவெளி: காலையில் வெறும் வயிற்றில் காமரங்காய்ச் சாறு குடிக்கலாமா?

வேண்டாம். காமரங்காய், பிலிம்பிக்காய் இரண்டையும் சாறாக நிறையக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் உண்டு. ஏற்கனவே சிறுநீரக வருத்தம் இருந்தால் காமரங்காய் ஒரு துண்டும் ஆகாது. பொதுவாகவே சாறு என்றால் நார் குப்பைக்குப் போகிறது என்றுதான் அர்த்தம்.

கன்னியா: மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் நஞ்சாமே?

நஞ்சு மரவள்ளியிலேயே இருக்கிறது, இஞ்சியைக் குற்றம் சொல்லாதீர்கள். தோல் நீக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.

தம்பலகாமம்: சீனிக்கு…

மேலே. முப்பத்தைந்து தாண்டியிருந்தால் முதலில் அரச ஆஸ்பத்திரியில் இலவசமாகச் சோதித்துப் பாருங்கள். கீரை எங்கேயும் ஓடாது.

கிண்ணியா: ரீச்சர், தூளில் இஞ்சி, உள்ளி, கறுவாவும் சேர்த்தால்?

பதினொரு கால். இரண்டே முக்கால். வல்லாரை ஆய்ந்தபடி கிடக்கிறது தம்பி, நான் எழும்புகிறேன்.