கூட்டத்த எண்ணினா காசு தெரிஞ்சிடுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நியூ இயருக்கு வந்த கூட்டத்தால பாண்டிக்கு இத்தனை கோடி வருமானம்னு வாட்ஸப்ல மெசேஜ் சுத்துது. நான் மளிகைக் கடை வச்சிருக்கேன், அந்த ரெண்டு நாளும் எனக்கு வியாபாரமே டல்லு. இந்தக் கணக்க எப்படிங்க போடறாங்க?
— வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: பெரும்பாலும் ரொம்ப சிம்பிளா போடறாங்கண்ணா, அதுதான் பிரச்சனையே. இத்தனை லட்சம் பேர் வந்தாங்க, ஆளுக்கு இவ்ளோ செலவு பண்ணியிருப்பாங்க, ரெண்டையும் பெருக்கு, வர்ற தொகைய இன்னொரு தடவை ஒன்னரையாலயோ ரெண்டாலயோ பெருக்கு, முடிஞ்சது.

இதுல மொத வேலையா கழிக்க வேண்டியது நம்ம ஊர் ஜனங்களத்தான். லாஸ்பேட்டைலருந்து குடும்பத்தோட பீச் ரோட்டுக்கு போய் 800 ரூபா செலவு பண்ணவரு, பீச்சுக்கு போகலன்னாலும் அத நேரு வீதி கடைலயோ உங்க கடைலயோ செலவு பண்ணியிருப்பாரு, அது புதுசா வந்த காசு இல்ல, இடம் மாறின காசு, உங்க கல்லா டல்லடிச்சதுக்கு அதுகூட ஒரு காரணமா இருக்கலாம். அடுத்து, பொங்கல் லீவுக்கு வரவேண்டிய பெங்களூர் ஃபேமிலி அதுக்கு பதிலா நியூ இயருக்கு வந்துட்டா அது தேதி மாறினதுதான். ஜிப்மர்ல அப்பாவ அட்மிட் பண்ணிட்டு லாட்ஜ்ல தங்கியிருக்கிறவரு சாயங்காலம் கடலப் பாக்க வந்து நின்னா அவரும் தலைக்கணக்குல வந்துடுவாரு, ஆனா அவரு நியூ இயருக்கா வந்தாரு? இதையெல்லாம் தாண்டி, ரூம் ரென்ட் ஏறிப்போச்சு, ட்ராஃபிக்ல மாட்டுவோம்னு வராமலே போனவங்க இருக்காங்க, அவங்கள யாரும் எண்றதே இல்ல.

ஜான் கிராம்ப்டன்னு ஒரு அமெரிக்க பேராசிரியர் 1995லயே இந்த மாதிரி தப்புகள 11ஆ பிரிச்சு எழுதி வச்சாரு. அங்க சூப்பர் பவுல்னு ஃபுட்பால் ஃபைனல் நடத்துறவங்க பல கோடி டாலர் வரும்னு சொல்வாங்க, பேடு, மேத்திசன்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் நடந்து முடிஞ்ச வருஷங்கள எடுத்து பாத்ததுல, சொன்னதுல அதிகபட்சம் கால் பங்குதான் தேறுச்சு.

அப்புறம் அந்த ரெண்டாவது பெருக்கல். வெளியூர் காசு 100 ரூபா வந்து அதுல 40 ரூபா ஊருக்குள்ளயே மறுபடி செலவாகுதுன்னு வைங்க, அடுத்த கை 16, அதுக்கடுத்து 6 ரூபா 40 பைசான்னு போய் மொத்தம் 166 ரூபா சொச்சம் வரும். 40க்கு பதிலா 20தான் தங்குதுன்னா 125தான். எந்தத் தொழில் எந்தத் தொழில்கிட்ட எவ்ளோ வாங்குதுன்னு அட்டவணை போட்டு இதக் கணக்கிடற முறைக்குத்தான் லியோன்டீஃப்னு ஒரு பொருளாதார நிபுணர் 1973ல நோபல் வாங்கினாரு. நாடு பூராவுக்கும் போட்ட அட்டவணைய எடுத்து சின்ன ஊருக்கு அப்படியே மாட்டக்கூடாது, ஏன்னா சின்ன ஊர்ல காசு நிக்காது. பாண்டில நியூ இயருக்கு சமைக்கிற காய்கறியும் கோழியும் வேலைக்கு வர்ற பசங்களும் நெறைய தமிழ்நாட்டுப் பக்கத்துலருந்துதான். ரூம் ரென்ட் மூணு மடங்கு ஏறினாலும் ரூம் பாய் சம்பளம் மூணு மடங்கு ஏறாது, மிச்சம் முதலாளிக்கு, முதலாளி சென்னைல இருந்தா காசும் சென்னைக்கு.

அதனால யாராவது கோடிக்கணக்கு சொன்னா நான் மொதல்ல கேக்கறது, எந்த எல்லைக்குள்ளங்கறதத்தான். நம்ம பக்கம் இது ரொம்ப முக்கியம். பாண்டி டவுன தாண்டினா கோட்டக்குப்பம், அது விழுப்புரம் மாவட்டம். பீச் ரோட்டுல கவுன்ட் டவுன் பாத்துட்டு கோட்டக்குப்பத்துல ரூம் எடுத்தவரோட ரென்ட்டும் அதுல மாநிலத்துக்கு சேர வேண்டிய ஜிஎஸ்டியும் தமிழ்நாட்டுக்கு, ஏன்னா கட்டடம் எங்க இருக்கோ அங்கதான் அந்த வரி. தெக்கால கன்னியக்கோயில், முள்ளோடை தாண்டினா ரெட்டிச்சாவடி, கடலூர் மாவட்டம். அங்கருந்து டெய்லி பாண்டி லாட்ஜுக்கு வேலைக்கு வர்ற அக்காவோட கூலி பாண்டி கணக்குல வெளிய போன காசு, பாண்டியையும் கடலூரையும் சேத்து பாத்தா உள்ளயே நிக்கிற காசு. ரெண்டு கணக்கும் சரிதான், ஆனா எதப் போட்டோம்னு சொல்லாம நம்பர மட்டும் சொன்னா அத நம்பாதீங்க.

கேள்வி: எகனாமிக்ஸ் படிக்கிறேன். மாசி மகத்துக்கு கடலூர் சில்வர் பீச்சுல ப்ராஜெக்ட் பண்ணலாம்னு இருக்கேன். டிக்கெட் இல்லாத கூட்டத்த எப்படி எண்றது, யார்கிட்ட என்ன கேக்கறது?
— மாணவி, தேவனாம்பட்டினம்

பதில்: நல்ல டாபிக் எடுத்திருக்கம்மா. 1960கள்ல அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டில ஜேகப்ஸ்னு ஒரு இதழியல் பேராசிரியர் சொன்ன வழி இன்னிக்கும் உதவும். ஆள் தளர்வா நின்னா ஒருத்தருக்கு 10 சதுர அடி, நெருக்கமா நின்னா நாலரை. 100 அடிக்கு 50 அடி மணல்ல தளர்வா 500 பேர், நெருக்கமா 1100 பேர். மொட்டை மாடிலருந்து ஒரு போட்டோ எடுத்தா போதும்னு நெனைக்காத, விடிகாலைல முழுக்கு போட்டவங்க பத்து மணிக்கு போயிடுவாங்க, தீர்த்தவாரிக்கு சாமி வர்ற நேரத்துல வேற கூட்டம். மணிக்கு ஒரு தடவை எண்ணு, எல்லாத்தையும் கூட்டி, ஒரு ஆள் சராசரியா நிக்கிற மணி நேரத்தால வகு.

கேக்கறப்போ பஜ்ஜி கடை பக்கத்துலயே நிக்காத, செலவு பண்றவங்க மட்டும்தான் மாட்டுவாங்க. நடந்து போறவங்கள்ல பத்தாவது ஆள நிறுத்தி, எந்த ஊரு, மகத்துக்குன்னே வந்தீங்களா, இது இல்லன்னா இன்னிக்கு என்ன பண்ணியிருப்பீங்க, எவ்ளோ செலவாச்சு, அது எத்தனை பேருக்குன்னு கேளு. அந்த கடைசி கேள்விய விட்டுட்டா குடும்பச் செலவ ஒரு ஆள் தலைல கட்டிடுவ, அப்புறம் எல்லாம் தப்பு.

கடைக்காரங்களையும் விடாத. திருவிழா திருவிழாவா போய் கடை போடறவங்க நெறைய பேரு, அவங்க லாபம் அவங்ககூடவே போயிடும். மாவும் எண்ணெயும் எங்க வாங்கினீங்கன்னு கேளு. கடலூர் கடைலன்னா அந்த மளிகைக் கடைக்காரரோட மார்ஜின் மட்டும் இங்க நிக்கும், எண்ணெய் விலை எண்ணெய் மில் இருக்கிற ஊருக்கு. திதி குடுக்க வைக்கிற ஐயருக்கு தர்ற தட்சணையையும் எழுதிக்கோ, ஒரு பில்லுலயும் வராத காசு அது. மறுநாள் குப்பை அள்ளுற செலவையும் மாநகராட்சில கேட்டு எதிர்ப்பக்கம் போடு.

கேள்வி: வடலூர்ல ஹோட்டல் வச்சிருக்கோம். 2024 ஜனவரிய விட 2025 ஜனவரில கலெக்‌ஷன் ரொம்ப கம்மி. தைப்பூசக் கூட்டம் கொறையுதா?
— வாசகி, வடலூர்

பதில்: பயப்படாதீங்கக்கா, தைப்பூசம் 2024ல ஜனவரி 25, 2025ல பிப்ரவரி 11. இங்கிலீஷ் மாசத்த வச்சு பாத்தா ஜோதி தரிசனக் கூட்டமே காணாம போன மாதிரி தெரியும். பூசத்துக்கு முன்ன பின்ன அஞ்சஞ்சு நாள எடுத்து ரெண்டு வருஷத்தையும் பாருங்க. இன்னொன்னு, 1867லருந்து தருமசாலைல சோறு போடற ஊர்ல, வந்த தலைய எண்ணி ஹோட்டல் வருமானத்த சொல்லவே முடியாது.

கேள்வி: தானே புயலுக்கு அப்புறம் ஹார்டுவேர் கடை, மரம் அறுக்கிற மெஷின், லாரி எல்லாத்துக்கும் செம வியாபாரம். அப்ப புயலும் பொருளாதாரத்துக்கு நல்லதா?
— வாசகர், பண்ருட்டி

பதில்: இல்லங்க. தானே 2011 டிசம்பர் 30 காலைல கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரை ஏறுச்சு, அந்த வருஷ நியூ இயர் சீசன் போனது ஒரு பக்கம், உங்க பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சுது. ஓடு மாத்தின காசு, புள்ளைங்க படிப்புக்கோ நகைக்கோ வச்சிருந்த காசு, அது அங்க செலவாகாம இங்க செலவாச்சு. நிவாரணமா வெளியருந்து வந்தது புதுக் காசுதான், ஆனா அது போன மரத்துக்கு ஈடாகாது. வியாபாரக் கணக்கு ஒரு வருஷத்துல கைமாறின காச மட்டும்தான் பாக்கும், தாத்தா வச்ச பலா மரம் சாஞ்சா அதுல ஒரு ரூபாகூட கொறையாது. உள்ளூர் கொட்டை போன அளவுக்கு முந்திரி கம்பெனிங்க ஆப்பிரிக்கா கொட்டைய அதிகமா நம்ப வேண்டியதாகும், அந்தக் காசும் கப்பலேறும். நெசமா அளக்கணும்னா புயலுக்கு முந்தின அஞ்சு வருஷம், பிந்தின பத்து வருஷம் அடங்கல்ல, அதாவது விஏஓ எழுதற பயிர்க் கணக்குல, முந்திரி, பலா பரப்ப எடுத்து, புயல் தொடாத ஒரு தாலுக்காவோட பக்கத்துல வச்சு பாக்கணும், உங்க விஏஓ ஆபீஸ்லயே ஆரம்பிக்கலாம்.